தரையில் இருக்க வேண்டிய பாட்டில்

என் நெஞ்சில் குத்தியது கத்தியும் இல்லை, அம்பும் இல்லை. ஒரு முரல் மீன். மெயின்லேண்டில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சட்டையைக் கழற்றித் தழும்பைக் காட்டினால், வீட்டில் ஏதாவது சண்டையா என்று கேட்கிறார்கள்.

மாயாபந்தர் என்ற தீவு ஊருக்கு அரசாங்க வேலையாக வந்த புதிது. என் மனைவியின் அண்ணனும் அங்கே ஒரு மரக் கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தார். எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகாது. "உங்க கோவம் ஒருநாள் உங்களையே கொல்லும் மாப்ளே" என்பார். இந்த முன்கோபிக்குப் போய்த் தங்கையைக் கொடுத்தோமே என்ற கவலை அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். மீன் பிடிக்க மட்டும் சேர்ந்து போவோம். படகில் பேசினால் மீன் ஓடிவிடும் என்பதால் இருவருக்கும் அது சௌகரியமாக இருந்தது.

அன்று விடிவதற்குச் சற்று முன், நான் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிப் பிடித்திருந்தேன். வெளிச்சத்தைக் கண்டால் முரல் தண்ணீருக்கு மேலே பாயும். அதன் மூக்கு கோணி ஊசி மாதிரி நீண்டிருக்கும். ஒன்று பாய்ந்து என் வலது மார்பில் குத்தி, அங்கேயே துடித்தது. மச்சான் யோசிக்கவே இல்லை. வாலைப் பிடித்துப் பிடுங்கிவிட்டார். அதன் பிறகு நான் மூச்சை இழுக்கும்போதெல்லாம் ஓட்டை வழியே உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. செத்தேன் என்று நினைத்தேன். மச்சான் தன் துண்டை மடித்து ஓட்டையில் வைத்து, என் கையை அதன்மேல் அழுத்தி, "எடுக்காதீங்க, எடுக்காதீங்க" என்று கத்திக்கொண்டே துடுப்புப் போட்டார்.

ஆஸ்பத்திரியில் ஒரு வங்காளி டாக்டர் இருந்தார். "கீஞ்ச்னா நஹீ சாஹியே தா" என்று பிடுங்கியதற்காக மச்சானைத் திட்டினார். பொத்தியதற்காகத் தோளில் தட்டினார். குத்தியது குத்தியபடியே இருந்தால் ஓட்டைக்கு அதுவே அடைப்பாம். பிடுங்கினால் காற்று புகுந்து, நெஞ்சுக்கூட்டுக்கும் நுரையீரலுக்கும் நடுவே தேங்கி, நுரையீரலைச் சுருக்கிவிடும். அந்தக் காற்றை வெளியேற்ற, விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு ரப்பர் குழாயைச் செருகி, அதன் மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் மூழ்க வைத்தார். நெஞ்சிலிருந்து வரும் காற்று தண்ணீரில் குமிழியிட்டு வெளியேறும். திரும்பி உள்ளே போக முடியாது. ஒரே நிபந்தனை, பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே இருக்க வேண்டும். உயர்த்தினால் தண்ணீர் நெஞ்சுக்குள் இறங்கிவிடும். இதை எனக்கும், துணைக்கு வரவிருந்த வார்டுபாய்க்கும் டாக்டர் சொன்னார். மச்சான் அப்போது, என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, போர்ட் பிளேர் போகும் போட்டில் இடம் கேட்கப் போயிருந்தார்.

போட்டில் என்னை ஒரு மர பெஞ்சில் படுக்க வைத்து, பாட்டிலைக் கீழே டெக்கில் வைத்தார்கள். கடல் அன்று மோசம். வார்டுபாய் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கத் தொடங்கினான். ஜனங்கள் கூடைகளோடு என் பாட்டிலைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். மச்சானுக்குப் பொறுக்கவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் பார்த்த குளுக்கோஸ் பாட்டில் எல்லாம் உயரே தொங்கியவை.

"அரே, பாட்டிலை எவனாவது கால்மாட்டுல வைப்பானா?" என்று எடுத்து, தலைக்கு மேலே இருந்த கொக்கியில் கட்டப் போனார்.

ரப்பர் குழாயின் நடுவே ஒரு கண்ணாடிக் குழல் துண்டை இணைத்திருந்தார்கள். அதற்குள் தண்ணீர் என்னை நோக்கி வருவதைப் பார்த்தேன். கத்த மூச்சு இல்லை. பாட்டிலைப் பார்த்து விரலை நீட்டினேன்.

"விழாது மாப்ளே, இறுக்கிக் கட்டிடுறேன். ஃபிக்கர் பண்ணாதீங்க."

உதைத்தேன். உடம்பில் மிச்சமிருந்த பலத்தை எல்லாம் காலுக்குக் கொண்டுவந்து அவர் முட்டியில் உதைத்தேன். மச்சான் விழுந்தார், அவர் கையோடு பாட்டிலும் டெக்குக்கு வந்தது. நல்ல வேளை, உடையவில்லை. கண்ணாடியில் தண்ணீர் பின்வாங்கியது. பாட்டிலில் ஒரு குமிழி வந்தது, பிறகு இன்னொன்று. மூத்தவர், பெண் கொடுத்த வீட்டுக்காரர், அவரை நான் காலால் உதைத்திருக்கிறேன். முறைத்தார். பிறகு குழாயில் பின்வாங்கும் தண்ணீரைப் பார்த்தார், பாட்டிலில் வரும் குமிழியைப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது. "முருகா" என்று மட்டும் சொன்னார்.

அதன்பின் பாட்டிலை இரண்டு பாதங்களுக்கு நடுவே வைத்து உட்கார்ந்தவர் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. போர்ட் பிளேர் படகுத்துறையில் ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்தவன் பாட்டிலைத் தூக்கக் குனிந்ததும், "நீச்சே! நீச்சே ரக்கோ! கீழேயே வை!" என்று துறையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். தானே அதை எடுத்து, முட்டிக்கு மேலே போகவிடாமல், முதுகை வளைத்துக்கொண்டு, நொண்டி நொண்டி என்கூடவே நடந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் பிழைத்துவிட்டேன். மச்சானின் முட்டிதான் சரியாகவே இல்லை. மழை பிடித்துக்கொண்டால் வலிக்கும். என் மனைவி தைலம் தேய்த்தபடி, "எங்கே அடிபட்டுச்சுண்ணே?" என்று கேட்பாள்.

"போட்டுல வழுக்கிட்டேம்மா."

என் பக்கம் பார்க்கவே மாட்டார். அவர் பாட்டிலைத் தூக்கியதை நானும் அவளிடம் சொன்னதில்லை. "பார்த்து நடக்கக் கூடாதா" என்று அவள் அவரைத் திட்டத் தொடங்கும்போது, தைலத்தை வாங்கி மிச்சத்தை நான் தேய்த்துவிடுவேன்.