டெல்லி மாப்பிள்ளைக்கு எந்தப் பாஷை?

பதினாறு வயசில் என்னிடம் மூணு பாஷை இருந்தது. வீட்டில் பேசுகிற மரியாதைத் தமிழ், பள்ளிக்கூடத்து இங்கிலீஷ், சாயங்கால வகுப்பு ஹிந்தி. நாலாவது ஒன்றும் உண்டு, ஆனால் அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மாமல்லபுரத்துக் குப்பத்திலிருந்து வந்து, செங்கல்பட்டில் ஹாஸ்டலில் தங்கி என்னோடு படித்தவளிடம் பிடித்துக்கொண்டது அது. வீட்டில் வாய்தவறி 'இன்னா' என்றால் அம்மா தொடையில் கிள்ளுவாள்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு டெல்லி உத்தியோக மாப்பிள்ளை ஒருவர் பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. எனக்கோ மெட்ராஸ் காலேஜில் சேரணும். அப்பா கோர்ட்டு குமாஸ்தா. டெல்லிக்குப் போகிறவள் பாட்டுப் பாடி என்ன கிழிக்கப் போகிறாள் என்று சொல்லி, ஹிந்தியில் வரவேற்பு, இங்கிலீஷில் குசலம், தமிழில் நமஸ்காரம் என்று ஒத்திகை நடத்தினார். அந்த ஹாஸ்டல் சிநேகிதிதான் வழி சொன்னாள்.

"எங்கூர் பேச்சுப் பேசுடி. துண்டக் காணோம் துணியக் காணோம்னு ஓடுவாங்க."

வந்தார்கள். அப்பா தொண்டையைக் கனைத்து ஜாடை காட்டினார். நான் மாப்பிள்ளையின் அம்மாவிடம் பஜ்ஜித் தட்டை நீட்டினேன்.

"இன்னாம்மா, அம்மாந்தூரத்துலேர்ந்து வந்துகிறீங்க, குந்துங்க! நாஸ்தா துன்னுங்க!"

என் அம்மா முகத்தில் ஈயாடவில்லை. மாப்பிள்ளை பஜ்ஜியை வாயில் வைத்தபடி விழித்தார். அந்த அம்மாளோ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் பிறந்தது செய்யூர்ப் பக்கமாம், அங்கேயும் இதே பேச்சுதானாம், எனக்கென்ன தெரியும்?

"அடி என் கண்ணு! டெல்லில இப்டிப் பேச ஒரு நாதி இல்லடி. அங்க வாயடைச்சுப் போயி கீறேன். இந்தப் பொண்ணுதான் எனக்கு மருமவ!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போச்சுடா! அத்தனை பேர் முன்னால் ஓவென்று அழுதுவிட்டேன்.

"இன்னாத்துக்குடி அழுவுறே?"

"எனக்குக் கல்யாணம் வேணாம். காலேஜுக்குப் போகணும்."

அவள் கையை விட்டாள். "அத்த மொதல்லயே சொல்றதுக்கின்னா?" என்று மகனை எழுப்பிக்கொண்டு கிளம்பினாள். கோபமில்லை, ஆனால் முகம் வாடிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

வண்டி தெருமுனை தாண்டியதும் அப்பா பிடித்துக்கொண்டார். "மூணு பாஷை படிக்க வச்சேனே, ஒண்ணுலயாவது எங்கிட்ட இதச் சொன்னியா?"

"நீங்க ஒண்ணுலயாவது கேட்டீங்களாப்பா?"

அம்மா கிள்ள வந்தாள். அப்பா கையமர்த்தினார். மிச்சமிருந்த பஜ்ஜியை எல்லாம் ஒன்று விடாமல் தின்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"அந்த மெட்ராஸ் ஹாஸ்டல்ல சாப்பாடு நல்லாருக்குமா?"