வளையல் சத்தத்துக்கு வந்த மீன்கள்

எதிர் ஃபிளாட்டில் ஒரு இளம் தம்பதி. நேற்று அவர்கள் வீட்டுக்குக் கறிவேப்பிலை கேட்கப் போனேன். புருஷன்காரப் பையன் மீன்தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, கைப்பிடி வைத்த காந்தத்தைக் கண்ணாடிமேல் நகர்த்திக்கொண்டிருந்தான். உள்ளே இருந்த ஜோடிக் காந்தம் கூடவே போய்ப் பாசியைத் துடைத்தது. “கவி, அந்தப் பக்கம் போயிருக்கா பாரு. கவி, மூலையில?” என்று பெண்டாட்டியை மூச்சுக்கு மூச்சு கவி. கறிவேப்பிலையை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இந்த வயதில் எனக்கு வயிறு எரிந்தது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

அப்படியொரு காந்தத்தை, அது கடைக்கு வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே நான் பிடித்திருக்கிறேன். சுதந்திரம் வந்த சமயத்தில் எனக்குக் கல்யாணம். ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்கொல்லையில் வளர்ந்தவள், அரியலூர் ஸ்டேஷனில் வேலை பார்த்தவருக்கு வாக்கப்பட்டுத் தண்டவாளத்தை ஒட்டிய ஓரறை வீட்டுக்கு வந்தேன். அங்கே எனக்கு முன்பே இரண்டு பேர் குடியிருந்தார்கள். ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு துரை கொடுத்துவிட்டுப் போன கண்ணாடித் தொட்டி; அதில் இரண்டு சிவப்பு மீன்கள். பெரியது ராணி, சின்னது சிட்டு. பெயர் வைத்தவர் என் வீட்டுக்காரர். என்னை மட்டும் “இந்தா” என்பார்.

டூட்டி முடிந்து வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டி எதிரே போய்க் குந்திவிடுவார். “ராணி, சாப்ட்டியா? ஏன் சோந்து கெடக்குற?” நான் சாப்பிட்டேனா என்று கேட்க ஆளில்லை. ஒருநாள் குழம்பில் வேண்டுமென்றே உப்புப் போடாமல் வைத்தேன். வழித்துச் சாப்பிட்டுவிட்டு மீனைப் பார்க்கப் போனார். மீனைச் சக்களத்தியாக அடைந்தவள் அரியலூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜன்னல் வெயில் பட்டுக் கண்ணாடி சீக்கிரமே பச்சையாகிவிடும். கையை விட்டுத் தேய்த்தால் ராணி மிரள்கிறாளாம். அதனால் கழித்துப்போட்ட டெலிபோன் பெட்டியிலிருந்து ஒரு லாடக் காந்தம் கொண்டுவந்தார். துருப்பிடிக்காமல் இருக்க ஓர் இரும்புத் துண்டை மெழுகில் முக்கி என்னிடம் நீட்டினார். “இந்தா, இதுல பீர்க்கங்கா நார வச்சுத் தச்சுக் குடு.” சட்டி தேய்க்க வைத்திருந்த நாரை, மனதுக்குள் திட்டிக்கொண்டே தைத்துக் கொடுத்தேன். இரும்பு தண்ணீருக்குள், காந்தம் வெளியே. இழுத்த பக்கமெல்லாம் நார் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டு ஓடும். வேகமாக இழுத்தால் பிடிவிட்டு இரும்பு மணலில் விழுந்துவிடும். அவர் அவசரக்காரர், அடிக்கடி விழும்.

அந்த மழைக்காலத்தில் அவரைக் கொஞ்ச நாள் வேறு ஸ்டேஷனுக்கு அனுப்பினார்கள். தேய்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. தேய்த்து முடித்ததும், சனியன்களுக்குப் பசிக்குமே என்று நாலு பருக்கை போடுவேன். காந்தம் நகர நகர என் கண்ணாடி வளையல்கள் தொட்டியில் இடித்துக் குலுங்கும். அந்தச் சத்தம் கேட்டால் சோறு வரும் என்று இரண்டும் தெரிந்துகொண்டன.

அவர் திரும்பி வந்ததும் “ராணி” என்று கூப்பிட்டார். ராணி அசையவில்லை. நான் டம்ளர் எடுக்கக் கையை நீட்டினேன். இரண்டும் என் பக்கம் பாய்ந்து வந்தன. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சாப்பிட்டதும் படுத்துவிட்டார். மறுநாள் கரண்டியால் தட்டிப் பார்த்தார், சாவியால் தட்டிப் பார்த்தார். என் பழைய வளையல் ஒன்றை விரலில் மாட்டிக்கொண்டுகூடத் தட்டினார். ஒற்றை வளையல் எங்கே குலுங்கும்? கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். என் பொறாமை அவரிடம் போய்ச் சேர்ந்ததில் எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

சாயங்காலம் கிணற்றடியில் இருந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது, முதல் தடவையாக என் பெயரைச் சொல்லி. “இங்க வாயேன். உன் மீனுங்க எங்கிட்ட வரமாட்டேங்குதுங்க.” வாளியைக் கிணற்றிலேயே விட்டுவிட்டு ஓடினேன். அதற்குப் பிறகு ‘இந்தா’ என்ற பேச்சே இல்லை.

மாற்றல் வந்தபோது மீன்களை ஏரியில் விட்டோம். தொட்டி எங்கே போயிற்றோ தெரியாது. அவரும் போய்விட்டார், கையில் வளையலும் இல்லை. அம்மா, அத்தை, பாட்டி என்று கூப்பிட ஆட்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பரைச் சொல்கிறார்கள். என் பெயரைச் சொல்ல ஒருவரும் மிச்சமில்லை. இங்கேயும் அதை எழுத மாட்டேன். அவர் கூப்பிட்டபடியே என் காதில் இருந்துவிட்டுப் போகட்டும்.

கதவைச் சாத்திவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அப்படியும் எதிர்வீட்டிலிருந்து கேட்கிறது, கவி, கவி என்று.