போலி கிரீஸ்

டிராக்டர் மெக்கானிக்குக்கு மழை பெய்தால் சந்தோஷமாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும். கரிசல் காட்டில் ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் வண்டிகள் மக்கர் பண்ணும்.

சங்கரன்கோவிலில் என் பட்டறையைத் திறந்துகொண்டிருந்தபோது குருவிகுளத்திலிருந்து சண்முகத்தாய் அக்கா போன் செய்தார். முந்தின நாள்தான், டிராக்டருக்குப் பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் அவருடைய ரோட்டவேட்டரின் ஷாப்ட்டுக்கு வேலை பார்த்து, அவர் டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருந்தேன்.

"ஷாப்ட் இறுகிப் போச்சு தம்பி. உழவு பாதியில நிக்கி. உளுந்து வெதைய வச்சிக்கிட்டு வரப்புல உக்காந்திருக்கேன். நீ வாரியா, வேற ஆளைப் பாக்கட்டா?"

கடைசி வார்த்தை சுருக்கென்றது. பைக்கை எடுத்தேன்.

டிராக்டர் சுழற்சியை ரோட்டவேட்டருக்குக் கொண்டுபோகும் அந்த ஷாப்ட், ஒன்றுக்குள் ஒன்றாக நீண்டு சுருங்க வேண்டும். அதற்கு நான் பூசுவது மோலி கிரீஸ். மாலிப்டினம் டைசல்பைடு என்ற கறுப்புத் தூள் கலந்தது. மாலிப்டினம் என்கிற உலோகமும் கந்தகமும் சேர்ந்த பொருள். மெல்லிய ஏடுகளாக இருப்பதால் ஏடு மேல் ஏடு சறுக்கும். பாரம் ஏறினாலும் இரும்போடு இரும்பை உரச விடாது. கிரீஸ் வழிந்துபோனாலும் தூள் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும். வேகமாகச் சுற்றும் பேரிங்கில் மட்டும் போட மாட்டேன். அங்கே உருள வேண்டிய குண்டுகள் சறுக்கிவிடும். மற்றபடி எனக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

காட்டில் ஷாப்ட்டைத் தட்டிக் கழற்றினால், உள்ளே மண் பிசினாக அப்பியிருந்தது. என் கறுப்பு கிரீஸைக் காணோம். முகர்ந்து பார்த்தேன்.

"என்னக்கா இது, நல்லெண்ணெய் வாசம் அடிக்கி?"

"நீதான போலி கிரீஸ் போட்டிருக்கேன்னு டிரைவர்ட்ட சொல்லிவிட்ட? போலியப் போட்டு எப்படி ஓட்டுறது? டீசல் வச்சுக் கழுவிட்டு, நல்ல எண்ணெயாவே ஊத்தினேன்."

"போலி இல்லக்கா, மோலி."

"ரெண்டுக்கும் என்ன தம்பி வித்தியாசம்?"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்றும் வந்தது. அதற்குள் அவரே சொன்னார்: "போலின்னாலும் மறைக்காமச் சொல்லிட்டியேன்னு உம்மேல ஒரு மரியாதை வந்துச்சு. அதான் வேற ஆளைக் கூப்பிடாம ஒனக்கே போன் போட்டேன்."

கோபம் போன இடம் தெரியவில்லை. டப்பாவைத் திறந்து அவர் விரலில் துளி கிரீஸ் தடவினேன். பழைய துணியால் நன்றாகத் துடைக்கச் சொல்லி, தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். மூடியைத் திருகினார்; விரல் வழுக்கியது. மறுபடி துடைத்தார், மறுபடி வழுக்கியது.

"தொடச்ச பெறகும் வழுக்குதே."

"அதான்க்கா மோலி."

"அப்ப நல்லெண்ணெய்தான் போலியா?" என்று சிரித்தார்.

மண்ணைச் சுரண்டி, கழுவி, மோலி பூசி மாட்டினேன். பொழுது சாய்வதற்குள் விதைப்பு முடிந்தது. கடைசிச் சால் வரைக்கும் வரப்பிலேயே நின்றேன். கிளம்ப மனம் வரவில்லை.

இளைய மெக்கானிக்குகளுக்குச் சொல்வது இதுதான்: எதைப் போட்டாலும் பேரை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள், சாமானைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள்.

நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். ஆனாலும் குருவிகுளம் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்து கேட்கிறார்கள்:

"அண்ணாச்சி, சண்முகத்தாய் அக்கா சொல்லிவிட்டாக. போலி கிரீஸ் வேணும். ஒரிஜினலாப் பாத்துக் குடுங்க."

திருத்துவதில்லை. எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.