‘இருக்கட்டும்’ மெக்கானிக்கின் உள்ளறை

ஃபேன், மிக்சி ரிப்பேர் செய்கிற அந்த மனிதருக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் ‘இருக்கட்டும்’. எரிந்துபோன மோட்டாரா, இருக்கட்டும். இறக்கை ஒடிந்த ஃபேனா, இருக்கட்டும், எதுக்காவது உதவும். இந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டியே அவர் மனைவிக்குத் தலை நரைத்துவிட்டது. உள்ளறையில் சாமான்கள் கூரை வரை ஏறி, நடக்க ஒற்றையடிப் பாதைதான் மிச்சம். அதிலும் உடம்பை ஒருக்களித்துத்தான் போக வேண்டும்.

அன்று காலை அந்தப் பாதையில் ஒரு வால் போனது.

கறுப்பு ஒயர் என்றுதான் முதலில் நினைத்தார். நல்ல ஒயராயிற்றே என்று குனிந்து கையைக்கூட நீட்டிவிட்டார், அந்தப் புண்ணியவான்! ஒயர் நெளிந்து அட்டைப்பெட்டிகளுக்கு அடியில் நுழைந்துகொண்டது. நீட்டிய கையை மடக்கவும் மறந்து அப்படியே நின்றார்.

“ஏங்க, என்ன பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?”

“பாம்பு.”

மனைவி சமையல் மேடைமேல் எப்படி ஏறினாள் என்பது அவளுக்கே தெரியாது. அங்கிருந்தே கத்தினாள். “சாயங்காலம் பொண்ணு பச்சைப்பிள்ளையோட வர்றா! ஆஸ்பத்திரியிலேருந்து நேரா இங்கதான் வர்றா! காதுல விழுதா?”

விழுந்தது. இன்னும் கண்ணைச் சரியாகத் திறக்காத பேத்தி இந்த வீட்டில்தான் தூங்கப்போகிறாள்.

பாம்பு பிடிப்பவர் ஒரு கொக்கியும் பையுமாக வந்தார். உள்ளறையை எட்டிப் பார்த்தவர், போன வேகத்தில் திரும்பினார்.

“அண்ணே, இதுக்குள்ள யானை இருந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொண்ணா வெளியே எடுங்க. நான் கொக்கியோட பக்கத்துல நிக்கிறேன்.”

“எடுக்கிறது யாரு?”

“சேர்த்தது யாரு?”

வேறு வழியில்லை. ஆசை ஆசையாகச் சேர்த்ததையெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இழுத்தார். ஒரு பெட்டி நகர்ந்தால் போதும், அவர் ஓரடி பின்னால் குதித்தார். நடுவே, தொலைந்துபோனதென்று மறுபடி மறுபடி வாங்கிய, ஒயரைப் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் மூன்றும் ஒரே பெட்டியில் அகப்பட்டன.

“மூணா!” என்றாள் மேடைமேல் இருந்தவள். பயத்திலும் அவளுக்கு அது பொறுக்கவில்லை.

மோட்டார்களுக்குப் பின்னால் ஒரு சட்டை கிடந்தது, பாம்புச் சட்டை, சுண்டுவிரல் மொத்தம். பழைய மிக்சி ஜாடிகளுக்கு அடியில் இன்னொன்று, இதைவிடப் பெரிது. சுவரோரம் கிடந்ததோ கைத்தடி மொத்தம் இருந்தது.

பாம்பு பிடிப்பவர் மூன்றையும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இது இன்னைக்கு வந்ததில்ல அண்ணே. குட்டியா வந்து, உங்க வீட்லயே வளர்ந்திருக்கு.”

மெக்கானிக் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு திருகாணிக்காக இந்தக் குப்பைக்குள் எத்தனை தடவை கையை விட்டுத் துழாவியிருப்பார்! விளக்குகூடப் போடாமல்!

கடைசியில் மூலையில் மரத்தொட்டில் ஒன்றுதான் மிச்சம். மகள் தூங்கிய தொட்டில். அவர் சேர்த்ததிலேயே மனைவி முணுமுணுக்காமல் விட்டது இது ஒன்றைத்தான். மத்தியானம் இதை இழுத்துத் தூசி தட்டிவைப்பதாகப் பேச்சு.

“இதுல ஒண்ணும் இருக்காது. போர்வை போட்டு மூடித்தான் வச்சிருக்கேன்” என்று கையைக் கொண்டுபோனார். அவர் கையைப் பட்டென்று தட்டிவிட்டு, பாம்பு பிடிப்பவர் கொக்கியால் போர்வையைத் தூக்கினார்.

குட்டித் தலையணைமேல் பாம்பு சுருண்டிருந்தது. சீறியது. “அடி ஆத்தீ!” என்று மனைவி அலறிய அலறலில் தெருவே வாசலில் கூடிவிட்டது. அது பைக்குள் போய், பை கட்டப்பட்டு, “நல்ல விஷமுள்ளதுண்ணே” என்று சொல்லிவிட்டுப் பாம்பு பிடிப்பவர் கிளம்பிப் போன பிறகுதான் மெக்கானிக் தரையில் உட்கார்ந்தார். பேத்தியை எங்கே கிடத்த இருந்தோம் என்று நினைத்ததும் வாய்விட்டு அழுதார்.

சாயங்காலத்துக்குள் பழைய சாமான் வண்டி எல்லாவற்றையும் அள்ளிப்போனது, தொட்டில் உட்பட. கழுவித் துடைத்த வெறும் அறையின் நடுவே, பாயில் பேத்தி தூங்கினாள். நாலு மூலையும் பளிச்சென்று தெரிந்தது. ஆனாலும் அவர் மூலை மூலையாகப் பார்த்துக்கொண்டே சுற்றிவந்தார்.

அப்போது மருமகன் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு உள்ளே வந்தார். “மாமா, எங்க வீட்டுப் பழைய டேபிள் ஃபேன். பரண்ல சும்மாக் கிடந்தது. உங்களுக்கு உதவுமேன்னு...”

எல்லோரும் மெக்கானிக்கின் வாயைப் பார்த்தார்கள். அவர் ஒரே பாய்ச்சலில் போய்ப் பேத்தியை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“வெளியே வைங்க மாப்பிள்ளை! வாசலுக்கு வெளியே! பெட்டியைத் திறக்காதீங்க!”

மருமகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே தெருவுக்குப் போனார்.