மூடிய கல்லூரியின் ஃபுட்பால் டீமுக்கு நான்தான் ஆள்

சம்பளமே இல்லாத வேலையிலிருந்தும் ஒருவரைத் தூக்கி எறிய முடியும் என்பது இணையக் கலைக்களஞ்சியத்தில் திருத்தம் செய்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

நீங்களும் அந்தக் கூட்டம் என்றால் விளக்கவே வேண்டாம். நீங்கள் எழுதிய பத்தியை முகம் தெரியாத ஒருவர் ஒரே சொடுக்கில் எடுத்துவிட்டுப் போயிருப்பார். நீங்கள் குக்கர் விசிலைக்கூட எண்ணாமல் அவரோடு மல்லுக்கு நின்றிருப்பீர்கள்.

நான் அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊருக்குப் போனது கணவர் சேகரின் விசாவைப் பிடித்துக்கொண்டு. என் விசாவில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. பத்தாவது வரை தமிழிலும் அதன்பின் ஆங்கிலத்திலும் படித்து வாங்கிய வரலாற்றுப் பட்டம் சூட்கேஸிலேயே கிடந்தது. பக்கத்து நூலகத்தில், எப்போதோ மூடிப்போன ஒரு சின்னக் கல்லூரியின் மாணவர் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக வைத்திருந்தார்கள். அந்தக் கல்லூரிக்கு ஒரு ஃபுட்பால் அணி இருந்திருக்கிறது. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால். கலைக்களஞ்சியத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுத ஆரம்பித்தேன். கட்டுரையின் ‘திருத்த வரலாறு’ பக்கத்தில் என் பெயர் நாள்தவறாமல் விழுந்தது. அந்த வருடங்களில் நானும் தினம் வேலைக்குப் போனேன் என்பதற்கு வேறு அத்தாட்சி என்னிடம் இல்லை.

நான் ஜெயிக்க வைத்த மேட்ச்

பழைய நிருபர்களுக்குக் கூட்டல் வராது என்று முதல் மாதமே முடிவு கட்டிவிட்டேன். ஒரு மேட்சில் எங்கள் அணி (அதற்குள் ‘எங்கள்’ ஆகிவிட்டது) பந்தோடு இரண்டு முறை எல்லைக்கோட்டைத் தாண்டியிருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு டச் டவுன். எதிரணி இரண்டு முறை பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்திருக்கிறது. டச் டவுனுக்கு ஆறு புள்ளி, உதைக்கு மூன்று. அப்படியென்றால் பன்னிரண்டுக்கு ஆறு என்று நாம் ஜெயித்திருக்க வேண்டும். பத்திரிகையோ பத்துக்கு எட்டு என்று தோற்றதாகச் சொல்கிறது. திருத்தினேன். அதே சூட்டில் அந்த வருடத்து மேட்சுகள் அத்தனையையும் திருத்தினேன்.

‘பழைய ஹெல்மெட்’ என்ற புனைபெயரில் எழுதும் ஒரு மூத்த திருத்துநர் மறுநாளே எல்லாவற்றையும் பழையபடி மாற்றினார். வெளிப் பத்திரிகை ஆதாரம் தேவை என்று கட்டுரையின் தலையில் ஒரு அறிவிப்பையும் ஒட்டினார். அது வருடக்கணக்கில் அங்கேயே தொங்கியது. எனக்கு ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: “அந்தக் காலத்தில் டச் டவுனுக்கு நான்கு புள்ளி, உதைக்கு ஐந்து. எல்லோரும் செத்துப்போன பிறகு ஒரு மேட்சை ஜெயித்துக் கொடுத்திருக்கிறீர்கள். எந்தக் கோச்சாலும் முடியாத காரியம் இது.”

பாட்லக்கில் ஒரு விசாரணை

நம்மூர்க் குடும்பங்கள் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் சனிக்கிழமை பாட்லக்கில் சந்தானம் அங்கிள் என்னைப் பிடித்துக்கொண்டார். ரிடையர் ஆகி மகன் வீட்டோடு இருப்பவர், கோயில் கமிட்டியில் முக்கியப் புள்ளி. கையில் தயிர் சாதத் தட்டு.

“ஏம்மா சுமதி, எழுதறதுன்னா நம்ம கோயிலைப் பத்தி எழுதலாம்ல? கிரிக்கெட் பத்தியாவது எழுதலாம். இந்த முட்டிமோதற ஆட்டம் நமக்கு எதுக்கு?”

“கோயிலுக்கு நீங்க இருக்கீங்க அங்கிள். இந்தப் பசங்களுக்கு அவங்க காலேஜே இல்ல. நான்தான் இருக்கேன்.”

சுற்றி நின்றவர்கள் ஊறுகாய் பக்கம் நகர்ந்தார்கள். அங்கிள் நகரவில்லை. சாதத்தை நிதானமாக மென்று முடித்துவிட்டுச் சொன்னார்: “சரிம்மா, செத்துப்போனவன் எத்தனை கோல் போட்டான்னு கேட்டா சொல்ற. கோயிலுக்கு ஹைவேல எந்த எக்ஸிட்ல இறங்கணும்னு போன வாரம் எனக்கே போன் பண்ணிக் கேட்டது யாரு?”

டெக்சாஸில் அப்பா சொன்னது

சேகருக்கு சான் ஹோசேக்கு மாற்றலாகி, மகள் நித்யா ஹூஸ்டனில் கல்லூரி சேர்ந்த பிறகுதான் ஒரு மேட்சை நேரில் பார்த்தேன். ஸ்டேடியத்துக்குள் போகும் முன் கார் நிறுத்துமிடத்திலேயே அடுப்பு மூட்டி எல்லோருக்கும் சாப்பாடு போடுவார்கள். நித்யாவின் ரூம்மேட்டுடைய அப்பா, ஆஜானுபாகுவான மனிதர், எனக்காகத் தனி அடுப்பில் சோளம் சுட்டுக்கொண்டே பெருமையடித்தார். ஒரு சீசன் முழுக்க அவர்கள் டீம் எதிரிக்கு ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்கவில்லையாம்.

“எதில் வந்திருக்கிறது?” என்றேன். “என் அப்பா சொன்னார்” என்றார். “அப்பா சொன்னதெல்லாம் செல்லாது, அச்சில் வந்திருக்க வேண்டும்” என்றேன். இடுக்கி அந்தரத்தில் நின்றது. நித்யா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்: “அம்மா, ஹி இஸ் ஃபீடிங் அஸ். ஜஸ்ட் லெட் ஹிம் வின்.”

ஏழு நாள்

அப்பா சொன்னது செல்லாது என்ற அதே சட்டம் சீக்கிரமே என் வாசலுக்கும் வந்தது. என் கட்டுரையை நீக்கப் பரிந்துரைத்திருந்தார் பழைய ஹெல்மெட். கல்லூரி தன்னைப் பற்றித் தானே அச்சடித்துக்கொண்டது ஆதாரமாகாது. ஏழு நாளில் வெளி ஆதாரம் வராவிட்டால் கட்டுரை போகும், அதோடு திருத்த வரலாறும் போகும். அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

“விட்டுத் தொலையேன்” என்றார் சேகர். “உங்க ஆபீஸை ஏழு நாள்ல அழிக்கறாங்கன்னா விடுவீங்களா?” என்று கேட்டேன். அவர் காபி போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். பிஸ்கட்டவே நூலகர் டோரிஸுக்குத் தினமும் போன் செய்தேன். பக்கத்து ஊர்களின் பழைய பத்திரிகைகளை மைக்ரோஃபிலிமில் ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். ஆறாம் நாள், எதிரணியின் ஊர்ப் பத்திரிகையில் ஒரு முழுப் பத்தி கிடைத்தது. பதினொரு பேரின் பெயரும் இருந்தது. எந்த மேட்ச் தெரியுமா? நான் ஜெயிக்க வைத்த அதே மேட்ச். பத்துக்கு எட்டு, எங்கள் பையன்கள் “நடக்கத் தெம்பில்லாமல் தோற்றார்கள்” என்று கூசாமல் எழுதியிருந்தான் அந்த நிருபர். ஒரு சொல் விடாமல் மேற்கோள் காட்டி, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டேன்.

ஏழாம் நாள் பழைய ஹெல்மெட் எழுதினார்: “பரிந்துரையை வாபஸ் வாங்குகிறேன். தன் டீம் தோற்றதை நிரூபிக்க இவ்வளவு சண்டை போட்ட ஆளை நான் பார்த்ததில்லை.”

இப்போது கோயம்புத்தூருக்கே திரும்பிவிட்டோம். இருபது வருஷம் அமெரிக்காவில் என்ன செய்தாய் என்று யார் கேட்டாலும், பத்துக்கு எட்டு என்று ஒரு தோல்வியைக் காப்பாற்றினேன், இன்றும் காலைக் காபியோடு காவல் காக்கிறேன், தைரியமிருந்தால் கை வைத்துப் பாருங்கள் என்பதுதான் என் பதில்.