அத்தானின் ஐம்பதாவது பிறந்தநாளும் ட்விக்கன்ஹாம் ஆட்டமும்

சென்ற பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, இங்கிலாந்தும் வேல்ஸும் மோதிய ரக்பி ஆட்டத்துக்கு ட்விக்கன்ஹாம் போனேன். அதே மாலை லண்டனின் மிச்சம் பகுதியில், மண்டபம் எடுத்து அக்காவின் கணவரான அத்தானுக்கு ஐம்பதாவது பிறந்தநாள். அக்கா தொலைபேசியிலேயே வெடித்தாள்.

“அத்தானை விட்டுட்டுப் பந்து பாக்கப் போறியோ? அப்பிடியெண்டால் இனி என்ர வாசல் மிதியாதை.”

“ஆட்டம் முடிய வாறன் அக்கா. போகாமல் இருக்கேலாது.”

வேல்ஸில் ரக்பிதான் ஊர் விளையாட்டு. ஆட்ட நாளில் பாதிரியார்கூட வேல்ஸ் அணியின் சிவப்பு ஜேர்சிதான். மன்னாரிலிருந்து வந்து எட்டு வருடம் வேல்ஸின் கார்டிஃபில் இருந்தோம். அங்கே என் கணவர் இறந்தபோது, லண்டன் சொந்தங்கள் வந்துசேர முன்னமே, எங்கள் தெரு ரக்பி கிளப்பிலிருந்து ஆறு பேர் அதே ஜேர்சியோடு அவரின் சவப்பெட்டி தூக்க வந்து நின்றார்கள். அக்காவுக்கு இதுவும் தெரியும்.

நானும் சிவப்பு ஜேர்சி போட்டுக்கொண்டு பகல் 1.10க்கு மிச்சம் ஜங்ஷனில் ரயில் ஏறி, கிளாப்பம் ஜங்ஷனில் மாறினேன். மொத்தம் ஒரு மணி நேரம், பிறகு பதினைந்து நிமிட நடை. டிக்கெட் 98 பவுண். தேநீர் மூன்றரை பவுண், வாயில் வைக்க ஏலாது. பெரிய பையோடு உள்ளே விடமாட்டார்கள். பையைக் குப்பையில் வீசினேன், அதிலிருந்த நான்கு மட்டன் ரோல்ஸையும் வாசலிலேயே தின்று முடித்தேன்.

பக்கத்து இருக்கை இங்கிலாந்துக்காரர், உங்களுக்கும் வேல்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். ஆறு பேர் என்றேன். விளங்காமல் தலையாட்டினார்.

வேல்ஸ் படுதோல்வி. சிவப்பு ஜேர்சிக்காரர் சிலர் பாதியிலேயே எழுந்து போனார்கள். எனக்குக் கோபம் வந்தது. தோற்கிற நாளில்தானே ஆள் வேண்டும்! கடைசி விசில் வரை தொண்டை கிழியக் கத்தினேன்.

போகிறவர்களுக்கு ஒன்று: திரும்பும்போது ரயில் நிலைய வரிசை ஐம்பது நிமிடம். பக்கத்திலுள்ள விட்டன் நிலையத்துக்கும் நடக்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது. உங்கள் அணி ஜேர்சியைத் துணிந்து போடுங்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சொந்தக்காரர்தான் சொல்வார்கள்.

மண்டபத்துக்கு 8.20க்குப் போனேன். பிந்தி வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டு அக்காவே வாசலில் நின்றாள்.

“இந்தக் கோலத்திலயோ? மாத்திப்போட்டு வா.”

“மாத்தேலாது அக்கா. அவரைத் தூக்கின ஆக்களின்ர உடுப்பு.”

அக்கா எனக்குத் தெளிக்காமல் பன்னீர்ச் செம்பை மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பினாள். நானே செம்பை எடுத்து என் தலையில் தெளித்துக்கொண்டு உள்ளே போனேன்.