நாற்பத்தைந்தில் ஓட வேண்டிய தட்டு

1. ஜோயல் வந்த காலை

அன்று ரெக்கார்டு கடையைத் திறந்து, பிள்ளையார் படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டுத் திரும்பினேன். கவுன்டருக்கு முன்னால் ஜோயல் நின்றிருந்தான். கையில் எங்கள் கடையின் மாத விமர்சன நோட்டீஸ்.

"அண்ணா, நான் வாசிச்சது ஆல்டோ. மேடம் பாரிடோன்னு எழுதியிருக்காங்க."

"அதனால என்னப்பா? எல்லாம் சாக்ஸபோன்தானே?"

"ஆல்டோ சின்னது, குரல் மேல நிக்கும். பாரிடோன் என் இடுப்பு உயரம் இருக்கும், எருமை மாதிரி கத்தும். இத்தனை வருஷம் ஜாஸ் கேக்கறவங்களுக்கு அது தெரியாதா?"

ஜோயலுக்கு ஹெப்பகோடியில் ரூம், எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. வேலை முடிந்து வந்து சாக்ஸபோன் வாசிப்பான். நண்பர்கள் மூன்று பேரோடு சேர்ந்து முதல் ஆல்பத்தைக் கருப்புத் தட்டாகவே போட்டிருந்தான். ஒரு ஹாலில் கச்சேரி தருவதாகப் பேச்சு. அந்த ஹால் மேனேஜர், எங்கள் விமர்சகர் ஷீலா மேடம் அந்தத் தட்டைப் பற்றி என்ன எழுதுகிறார் என்று பார்க்கக் காத்திருந்தார். பார்த்தார். "அப்புறம் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார்.

"திட்டினா பரவாயில்லண்ணா. ஆனா இதுல இருக்கறது நான் இல்ல" என்று சொல்லிவிட்டு ஜோயல் ஆபீஸ் கேப் பிடிக்கப் போய்விட்டான்.

2. மேடம் கேட்கும் முறை

நான் எட்டாவது வரை படித்தவன். ரெக்கார்டு கடையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். கேசட் வந்தது, சி.டி. வந்தது, இரண்டும் போய்க் கருப்புத் தட்டுக்கு மறுபடியும் மவுசு வந்தது. புதிதாக வரும் ஜாஸ் ஆல்பங்களைக் கேட்டு விமர்சனம் எழுத எங்கள் ஓனர் ஷீலா மேடத்தை அழைத்தார். ஊரில் ஜாஸ் கேட்பவர்கள் அவர் பேச்சை மதிப்பார்கள்.

மேடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் வாசித்தது, எந்த ஊர், கவரில் என்ன படம், எதுவும் அவருக்குத் தெரியக் கூடாது. பெயரைப் பார்த்தால் காது கெட்டுப்போகும் என்பார். திரைக்குப் பின்னால் டர்ன்டேபிள், முன்னால் அவர் நாற்காலி. தட்டைத் துடைத்து, ஊசியை வைப்பது என் வேலை. மூன்று நாள், நாளைக்கு ஒருமுறை கேட்பார். பிறகு எழுதித் தருவார். பெயர்களைக் கவரைப் பார்த்து நான் சேர்த்து அச்சுக்கு அனுப்புவேன்.

பெரிய தட்டு என்றால் முப்பத்து மூன்று, சின்னத் தட்டு என்றால் நாற்பத்தைந்து. நிமிஷத்துக்கு அத்தனை சுற்று. கை தானாகவே அந்தப் பொத்தானுக்குப் போகும்.

ஜோயல் போன பிறகு அவன் தட்டை எடுத்தேன். கண்ணாடி போட்டு லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் எறும்பு அளவில் 45 என்று இருந்தது. சத்தம் நன்றாக வர வேண்டும் என்று சிலர் பெரிய தட்டையே அந்த வேகத்துக்குப் போடுவார்கள். கேள்விப்பட்டிருக்கிறேன். கேள்விப்பட்டதோடு சரி.

சரியான வேகத்தில் போட்டேன். ஊசி தொட்டதும் அந்தப் பையனின் வாத்தியம் எழுந்து ஓடியது. மூன்று நாளும் நான் அழுத்தியது முப்பத்து மூன்று.

3. கற்பூரம்

யாருக்கும் தெரியாது. சொல்லாவிட்டால் தெரியவும் போவதில்லை. சொன்னால் மேடத்தின் பெயர் கெடும், என் வேலையும் போகலாம். சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். குருக்கள் கற்பூரத் தட்டோடு என் பக்கம் வந்தார். கையை நீட்ட முடியவில்லை. "ஏன்ப்பா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். படியிறங்கி, நேரே ஃப்ரேசர் டவுனில் மேடம் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

மேடம் கதவைத் திறந்து, வழக்கம்போலக் கன்னடம் கலந்து கேட்டார். "ஏனு தனபால், இந்த நேரத்துல?"

"ஒரு தப்பு பண்ணிட்டேன் மேடம். ஜோயல் தட்டை முப்பத்து மூணுல ஓட்டிட்டேன். அது நாப்பத்தஞ்சு."

உள்ளே வரச் சொன்னார்.

"மூணு நாளுமா?"

"மூணு நாளும்."

"பூட்ஸ் போட்டுக்கிட்டு சேத்துல நடக்கற மாதிரி வாசிக்கறான்னு எழுதினேனே."

"ஆமா மேடம்."

"டிரம்மர் வீட்ல தூங்கிட்டு வந்திருக்கலாம்னு எழுதினேன்."

"அதுவும் அச்சுல வந்துடுச்சு மேடம்."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் நின்றுகொண்டே, "என் பேரைப் போட்டு, இவன்தான் பண்ணான்னு எழுதிடுங்க" என்றேன்.

"உங்க பேரு யாருக்குத் தெரியும்? அந்த ஹால்காரர் என் பேரை நம்பித்தானே முடிவு பண்ணாரு. ஒரு ஆல்டோ மாடு மாதிரி கத்துது, நான் கண்ணை மூடிக்கிட்டு பாரிடோன்னு எழுதறேன். உங்களுக்குக் கை தவறிடுச்சு. எனக்கு என்ன ஆச்சு? நாளைக்கு வர்றேன். தட்டைத் துடைச்சு வைங்க."

மறுபடியும் மூன்று நாள். ஜோயல் வந்து உட்காரலாமா என்று கேட்டேன். கூடாது என்றுவிட்டார்.

4. இரண்டாவது விமர்சனம்

அடுத்த நோட்டீஸில் முதல் வரியே, தவறான வேகத்தில் கேட்டு எழுதினேன், கண்டுபிடித்திருக்க வேண்டியவள் நான், மன்னிக்கவும் என்று இருந்தது. என் பெயர் இல்லை. ஓனர் ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைக்கு வந்த சிலர், "இது எந்த வேகம் தனபால்?" என்று சீண்டினார்கள். சீண்டட்டும் என்று இருந்தேன்.

ஆனால் விமர்சனம் முழுக்கப் பாராட்டு இல்லை. தட்டின் முதல் பக்கத்தை மனசாரப் புகழ்ந்திருந்தார். இரண்டாவது பக்கத்தில் மூச்சு விட இடமில்லை, யாரோ துரத்துவது போல வாசித்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். ஜோயலிடம் நோட்டீஸை நீட்டினேன். இந்தப் பையன் இரண்டாவது தடவையும் நோகப் போகிறானே என்று இருந்தது.

நின்றுகொண்டே படித்தான். இரண்டாவது பக்கத்தைப் பற்றிய இடம் வந்ததும் சிரித்துவிட்டான்.

"ரெண்டாவது சைடு பண்றப்போ ஸ்டுடியோ டைம் முடியற மாதிரி இருந்துச்சுண்ணா. அவசரமா ஓட்டிட்டோம். எங்க நாலு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. எப்படிக் கேட்டிருக்காங்க பாருங்க."

"கோபம் இல்லையாப்பா?"

"இது நான் பண்ணதுண்ணா."

ஹால்காரர் கச்சேரிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொடுத்தார். நானும் மனைவியும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டோம். இரண்டாவது பக்கத்துப் பாட்டுகளை அவசரமில்லாமல் வாசித்தான்.

இப்போது ஓய்வில் இருக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் கேட்டால் லேபிளைப் படி என்று சொல்வேன், அது தொழில். அதைவிட முக்கியமாக எனக்குப் பட்டது ஒன்று உண்டு. ஒருவன் செய்ததைக் குறை சொன்னால் தாங்கிக்கொள்வான். செய்யாததை அவன் தலையில் வைக்கக் கூடாது. அன்று சாயங்காலம் கற்பூரத் தட்டுக்குக் கையை நீட்ட விடாமல் தடுத்தது சுவாமிதான் என்று இன்றுவரை நம்புகிறேன்.